சரி செய்யாமல் விட்ட பழுது

சென்ற மாதம் படகு வேலை பழகும் நீங்கள் மூன்று பேர் கிள்ளானில் என் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். டீ குடித்துக்கொண்டே ஒருவர் கேட்டார்: “அங்கிள், போட் எஞ்சின் ஓடிக்கிட்டே இருக்கும்போது டப்புனு நின்னுட்டா முதல்ல எதைப் பார்க்கணும்?” எல்லோரிடமும் சொல்வதையே சொன்னேன். பெட்ரோலில் தண்ணீர் இருக்கிறதா பார், ஃபில்டரைப் பார், பேட்டரி முனையில் பச்சை பூத்திருக்கிறதா பார். நீங்களும் தலையாட்டிவிட்டுப் போனீர்கள். கேட்டைச் சாத்தும்போதே எனக்கு மனசு கேட்கவில்லை. முதலில் பார்க்க வேண்டியது வேறொன்று. அதைச் சொல்ல எனக்கு வெட்கம். அதனால்தான் அன்று வாயைத் திறக்கவில்லை. எழுத்தில் என் முகம் உங்களுக்குத் தெரியாது என்ற தைரியத்தில் இப்போது எழுதுகிறேன்.

நான் போர்ட் கிள்ளான் பக்கத்தில் முப்பது வருடத்துக்கு மேல் படகுகளுக்கு வயரிங் வேலையும் எஞ்சின் வேலையும் பார்த்தவன். கொஞ்சம் தலைக்கனம் பிடித்தவன் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாதது மாதிரி நடிக்க வேண்டாம். நான் கை வைத்த வயர் திரும்ப வராது என்று ஜெட்டியில், படகுத்துறையில் நின்று சத்தமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பக்கத்துப் பட்டறையில் ஆ மெங் என்று ஒரு சீனர், என் வயதுதான், எந்த எஞ்சின் வந்தாலும் மூடியைத் திறப்பதற்கு முன்னால் ஒரே கேள்வி கேட்பார்: “லாஸ்ட் சியாப்பா பெகாங்?” கடைசியாகக் கை வைத்தது யார்? நோய் என்ன என்று கேட்காமல், முன்னால் பார்த்த டாக்டர் யார் என்று கேட்கிறாரே என்று நான் அவரைக் கிண்டல் செய்யாத நாள் கிடையாது. அவரும் பதிலுக்குச் சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்கள் முன்பு சேகர் என்ற படகோட்டி தன் படகை என்னிடம் கொண்டுவந்தான். பழைய ஃபைபர் படகு, மேலே கூரை, பின்னால் மாட்டிய பெட்ரோல் எஞ்சின். வார இறுதியில் மீன் பிடிக்கப் போகிறவர்களை ஏற்றுவான். மற்ற நாட்களில் அஸ்தி கரைக்க வரும் நம் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு கடலுக்குப் போவான். காடாத்து முடிந்த கையோடு ரவாங்கிலிருந்தும் செராஸிலிருந்தும்கூட அவனைத் தேடி வருவார்கள், ஏனென்றால் அவன் அவசரப்படுத்த மாட்டான். அழுகிறவர்களை அழவிட்டுக் காத்திருக்கத் தெரிந்தவன்.

படகில் வயரெல்லாம் உப்புக் காற்றில் பச்சை பூத்துப் போயிருந்தது. விளக்கு மங்கல், ஸ்டார்ட்டர் திருப்பினால் டிக் டிக் என்று சத்தம் மட்டும். பழையதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு முழுசாகப் புது வயரிங் இழுத்தேன். கடைசி நாள் மாலை, பேட்டரிப் பெட்டியை இறுக்கிக் கட்டும் பெல்ட்டின் கொக்கி என் கையிலேயே உடைந்தது. பட்டறையில் வேறு கொக்கி இல்லை. பெட்டி கனமாகத்தானே இருக்கிறது, எங்கே போய்விடப் போகிறது, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று மூடியைச் சாத்தினேன். மறுநாள் காலையில் வேறு வேலை வந்துவிட்டது. அந்த ‘நாளைக்கு’ வரவே இல்லை.

ஒரு வாரம் கழித்து சேகர் போன் செய்தான்.

“அண்ணே, நேத்து ஒரு தடவை எஞ்சின் நின்னுடுச்சுண்ணே. பெரிய மீன் ஒண்ணு மாட்டுச்சு, எல்லாரும் எந்திரிச்சு ஓடிப் பார்த்தாங்க, அந்த நேரம் பார்த்து டப்புனு நின்னுடுச்சு. அப்புறம் சாவியத் திருப்புனா உடனே எடுத்துக்கிச்சு.”

“பெட்ரோல்ல தண்ணி இருக்கும்டா. புது வயர்ல என்ன வரப் போகுது?”

“நாளைக்கு ஒரு அஸ்தி ட்ரிப் இருக்குண்ணே. நடுக் கடல்ல நின்னுட்டா நல்லா இருக்காது லா. நீங்களும் கூட வாங்களேன்.”

அவன் சொன்னதில் விடை முழுவதும் இருந்தது. எல்லோரும் எழுந்து ஓடினார்கள் என்றான். எந்தப் பக்கம் ஓடினார்கள் என்று நான் கேட்டிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே இருந்திருக்காது. எஞ்சின் என்ன செய்தது என்று மட்டும் கேட்டுப் பழகிவிட்டேன். அந்த நேரத்தில் ஆட்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதும் நம் வேலையில் சேர்ந்ததுதான்.

மறுநாள் காலை ஏழு பேர் வந்தார்கள். இறந்தவர் கிள்ளானில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். அஸ்திப் பானையை மடியில் வைத்துக்கொண்டு படகில் ஏறியவர் அவருடைய ஒரே மகள் மல்லிகா. நாற்பது வயதைத் தாண்டியவர், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பிளவுஸ் தைக்கும் கடை நடத்துகிறார். கூட வந்தவர்களில் முக்கியமானவர் இறந்தவரின் தம்பி, மல்லிகாவுக்குச் சித்தப்பா. விறைப்பான மனிதர். அவருடைய மகன் ஒருவன், மற்றவர்கள் உறவினர்கள். யாரும் மல்லிகாவின் பக்கத்தில் உட்காரவில்லை என்பதைக் கவனித்தேன். சேகர் என் காதில் சொன்னான்: “வீட்டுக்குப் பிடிக்காத கல்யாணம் பண்ணிக்கிட்டாங்களாம்ணே. பதினோரு வருஷம் அப்பா பேசவே இல்லையாம். கடைசில ஆஸ்பத்திரியில இந்தம்மாதான் பார்த்துக்கிட்டாங்க. ஆனா அவருக்கு அப்பவே பேச்சு போயிடுச்சு.”

கரையிலிருந்து நன்றாகத் தள்ளிப் போனதும் சேகர் வேகத்தைக் குறைத்தான். அங்கே நீரோட்டம் இழுக்கும். கரைத்து முடியும்வரை எஞ்சினை அணைக்காமல் மெல்ல ஓடவிட்டுப் படகை நிலைநிறுத்துவதுதான் படகுக்காரர்களின் வழக்கம். படகின் மூக்கு வடக்கே பார்த்திருந்தது. சித்தப்பா, “கிழக்கப் பார்த்து நில்லும்மா” என்றார். மல்லிகா எழுந்து வலது பக்கம் போனார். மற்றவர்களும் பூவும் பாலும் வைத்துக்கொண்டு அவருக்குப் பின்னால் அதே பக்கம் போனார்கள். அவர் குனிந்து பானையை நீட்டினார்.

எஞ்சின் நின்றது.

இருமவில்லை, திணறவில்லை. விளக்கை அணைத்த மாதிரி நின்றது. பெட்ரோல் பிரச்சினை என்றால் எஞ்சின் முதலில் முனகும், தள்ளாடும், பிறகுதான் சாகும். பட்டென்று நின்றால் அது கரண்ட் சம்பந்தப்பட்டது. இது எனக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும். ஆனால் கரண்ட் வேலை நான் செய்தது, புத்தம் புதுசு, அதில் தப்பு வராது. அதனால் கேட்ட சத்தத்தையே நம்பாமல் பெட்ரோல் குழாயைப் பிடித்து அமுக்கிக்கொண்டிருந்தேன். எல்லோரும் பதறி நடுவில் வந்து உட்கார்ந்தார்கள். சேகர் சாவியைத் திருப்பினான், உடனே ஓடியது.

“ஒண்ணும் இல்ல, பெட்ரோல் அழுக்கு” என்றேன். எவ்வளவு தெம்பாகச் சொன்னேன் தெரியுமா!

மல்லிகா மறுபடி எழுந்து வலது பக்கம் போனார். பின்னாலேயே மற்றவர்களும். குனிந்தார். நின்றது.

இந்தத் தடவை யாரும் பதறவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. எல்லோரும் அந்தப் பெண்ணையே பார்த்தார்கள். நான் ஃபில்டரைக் கழற்றிக் கடல் தண்ணீரில் கையைக் கழுவி மறுபடி மாட்டினேன். ஃபில்டர் பளிச்சென்று இருந்தது. அதையும் கண்டுகொள்ளவில்லை. தூரத்தில் ஒரு பெரிய கப்பல் எங்களுக்கு ஒலி எழுப்பியது. நாங்கள் கப்பல் போகும் தடத்தை நோக்கி இழுபட்டுக்கொண்டிருந்தோம். சேகர் நெற்றி வியர்வையோடு சாவியைத் திருப்பினான், ஓடியது. படகைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தான்.

மூன்றாவது தடவை மல்லிகா எழுந்திருக்கவே தயங்கினார். சித்தப்பாதான், “போ, போய்ப் பாரு” என்றார். அந்தப் பேச்சின் தொனி எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. மல்லிகா போய்க் குனிந்தார், மற்றவர்களும் பின்னால் போனார்கள். எஞ்சின் நின்றது.

சித்தப்பா எழுந்து போய் அவர் கையிலிருந்து பானையை வாங்கிக்கொண்டார். “அண்ணனுக்கு மனசில்லம்மா. விட்டுடு” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. மல்லிகா போய் ஒரு மூலையில் உட்கார்ந்தார். அதற்குள் சேகர் எஞ்சினை ஓடவைத்து, எதற்கும் கரைக்குக் கிட்டே இருப்போம் என்று படகைத் திருப்பிவிட்டான். சிறிது தூரம் வந்ததும் சித்தப்பா தன் மகன் கையில் பானையைக் கொடுத்தார். எல்லோரும் எழுந்து கிழக்கே பார்த்து நின்றார்கள். அவன் குனிந்து பானையைத் தண்ணீரில் விட்டான். பூ தூவினார்கள், பால் ஊற்றினார்கள். எஞ்சின் ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை.

ஜெட்டியில் இறங்கும்போது மல்லிகா என்னைப் பார்த்துத்தான் சொன்னார், வேறு யாரிடம் சொல்வது என்று தெரியாமல் சொன்னாரோ என்னவோ. “ஆஸ்பத்திரியில தினம் கேட்டேன் அங்கிள், என்மேல கோவமாப்பான்னு. அவரால பேச முடியல. இன்னிக்குப் பதில் வந்துடுச்சு.”

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். குனிந்து படகுக் கயிற்றைக் கட்டப் போய்விட்டேன். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். அந்த நேரத்தில் என் மனசின் ஒரு ஓரத்தில் ஒரு நிம்மதி இருந்தது. யாரும் என்னைத் திட்டவில்லையே! செத்துப்போன மனிதர்தான் எஞ்சினை நிறுத்தினார் என்று ஏழு பேரும் நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். மெக்கானிக்குக்கு இதைவிட வசதியான வாடிக்கையாளர்கள் கிடைக்க மாட்டார்கள். சீ என்று என்னையே திட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த நாள் படகை ஜெட்டியிலேயே கட்டி ஒரு மணி நேரம் ஓட்டினேன். நிற்கவில்லை. சேகரை வைத்துக் கடலுக்குக் கொண்டுபோனேன். நிற்கவில்லை. திரும்பி வந்து தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். ஆ மெங் கடையில் பையில் கட்டி வாங்கிய காப்பியோடு வந்தார், நடந்ததைக் கேட்டார், பிறகு வழக்கமான கேள்வி.

“லாஸ்ட் சியாப்பா பெகாங்?”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. “நான்தான்யா கை வெச்சேன்! அதுக்கென்ன இப்போ?” என்று கத்தினேன். அவருக்குத் தமிழ் அரைகுறையாகத்தான் புரியும். என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, காப்பியை எனக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தன் பட்டறைக்குப் போய்விட்டார். அந்தக் காப்பியைக் குடித்து முடித்தபோதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் படகில் நான் பார்க்காமல் விட்டது என் வேலை ஒன்றைத்தான்.

பேட்டரி மூடியைத் திறந்தேன். தரையில் வெள்ளையாக ஒரு தேய்ந்த தடம் இருந்தது. கட்டாமல் விட்ட பெட்டி ஒரு வாரமாக அலைக்கு அலை அங்குமிங்கும் வழுக்கியிருக்கிறது. அதன் வலது பக்கத்தில் எர்த் வயர் மாட்டிய ஒரு இரும்புத் தாங்கி. தாங்கிக்கும் பெட்டிக்கும் நடுவே நான் இழுத்த மெல்லிய வயர் ஒன்று. எஞ்சினை நிறுத்தும் வயர். இந்த மாதிரி எஞ்சினில் அந்த வயர் இரும்பில் பட்டால் போதும், எஞ்சின் நின்றுவிடும். சாவியைத் திருப்பி அணைக்கும்போது நடப்பதும் அதேதான். பெட்டி இடித்து இடித்து வயரின் மேல்தோல் வெட்டுப்பட்டு, உள்ளே செம்பு மினுமினுத்துக்கொண்டிருந்தது.

சேகரையும் ஜெட்டியில் சும்மா நின்ற இன்னும் இரண்டு பேரையும் படகில் ஏற்றி, எஞ்சினை ஓடவிட்டு, வலது ஓரத்தில் போய் உட்காரச் சொன்னேன். படகு சாய்ந்தது, பெட்டி வழுக்கி வயரைத் தாங்கியோடு நசுக்கியது, எஞ்சின் நின்றது. எல்லோரும் எழுந்து நடுவில் வந்ததும் படகு நிமிர்ந்தது, தரையின் நடுவில் இருக்கும் பள்ளத்துக்குப் பெட்டி தானாக வந்துவிட்டது. சாவியைத் திருப்பினால் ஓடியது. இடது பக்கம் சாய்த்தால் ஒன்றும் ஆகவில்லை. போகும்போது மூக்கு வடக்கே, கிழக்கு வலது பக்கம். திரும்பும்போது மூக்கு தெற்கே, கிழக்கு இடது பக்கம். அவ்வளவுதான் விஷயம். மகள் நின்றது வலது, சித்தப்பா மகன் நின்றது இடது.

ஒரு கொக்கி! ஒரு கொக்கியை மாற்றச் சோம்பல்பட்டு, ஒரு பெண்ணுக்கு அவளுடைய அப்பாவின் பெயரில் நான் பதில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

சேகர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். “கண்டுபிடிச்சாச்சுல்லண்ணே. கட்டிடுங்க. யார்கிட்டயும் சொல்ல வேணாம். தெரிஞ்சா என் போட்ல யாரு ஏறுவா? உங்க பேரும் கெடும். அவங்களே சாமி குத்தம் மாதிரி எடுத்துக்கிட்டாங்க, நாம ஏன் போய்…”

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அவனுக்கு வீடு இருக்கிறது, குடும்பம் இருக்கிறது. நானும் வாங்கிவந்த புதுக் கொக்கியைக் கையில் எடுத்துவிட்டேன். அப்போதுதான் அவன் இன்னொன்றையும் சொன்னான். “அந்தப் பெரியவர், அந்தம்மாவோட சித்தப்பா, போன் பண்ணுனாரு. பதினாறாம் நாள் பிண்டம் கரைக்க நம்ம போட்தான் வேணுமாம். கருமாதிக்கும் அவர் பையன்தான் உட்காரப் போறானாம். அந்தம்மா வேணாம்னு அவரோட அண்ணனே காட்டிட்டாராம், இனிமே அவ கையால எதுவும் வேணாம்னு சொல்றாரு.”

கொக்கியைக் கீழே வைத்தேன். “சேகரு, இந்தப் போட்டை ரெண்டு மூணு நாளைக்கு எடுக்காத. நான் இதச் சரி பண்ணப் போறதில்ல.”

“என்னண்ணே சொல்றீங்க?”

“சரி பண்ணிட்டா அப்புறம் நான் சொல்றத யாரு நம்புவா? இது இப்படியே இருக்கட்டும்.”

அவன் என்னை முறைத்த முறைப்பில் நான் எரிந்து போயிருக்க வேண்டும். ஆனால் படகை எடுக்கவில்லை. அந்தக் கொக்கியைத் தவிர, அதுவரை என் வாழ்நாளில் கண்ணுக்குத் தெரிந்த பழுதைச் சரி செய்யாமல் விட்டதே கிடையாது. மூடியைச் சாத்தி, யாரும் தொட்டுவிடக் கூடாது என்று ஒரு பூட்டும் போட்டேன்.

மறுநாள் கொமுட்டர் ரயில் பிடித்துக் கோலாலம்பூர் போய், கேஎல் சென்ட்ரலில் இறங்கி, பிரிக்பீல்ட்ஸில் அவருடைய கடையை விசாரித்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். ஒரு தடவை கடை வாசல்வரை போய்விட்டு, தெரியாத மாதிரி தாண்டிப் போய் எதிர்ப்பக்கம் தேங்காய்த் தண்ணீர் குடித்தேன். எனக்கு ஒன்றும் தைரியம் ஜாஸ்தி இல்லை. உள்ளே மல்லிகா ஒரு கல்யாணப் பிளவுஸுக்குக் கை வைத்துக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்ததும் மெஷினை நிறுத்தினார்.

வயரையும் பெட்டியையும் பற்றிச் சொன்னேன். கிழக்கு, வலது, இடது எல்லாம் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு மெல்லத் தலையை ஆட்டினார்.

“உங்களுக்கு நல்ல மனசு அங்கிள். எனக்கு ஆறுதலா இருக்கட்டும்னு இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க. போதும். நான் ஏத்துக்கிட்டேன்.”

“ஆறுதல் சொல்ல வரலம்மா. தப்பை ஒத்துக்க வந்தேன். உங்க அப்பா மனசுல என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. அத நான் சொல்ல முடியாது. ஆனா அன்னிக்கு எஞ்சினை நிறுத்துனது அவர் இல்ல. நான்தான்.”

அவர் நூலை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

“வந்து பாருங்க. அப்படியேதான் வெச்சிருக்கேன், தொடல. நீங்களே உட்கார்ந்து பாருங்க. நான் சொன்னது பொய்னா அங்கேயே என்னைத் திட்டிட்டுப் போங்க.”

அடுத்த நாள் காலை அவர் கடையைப் பூட்டிவிட்டு வந்தார். படகை ஜெட்டிக்குப் பக்கத்திலேயே கொஞ்சம் தள்ளி நிறுத்தினோம். மூன்று பேரும் வலது பக்கம் உட்கார்ந்தோம். சேகரின் தொப்பை அன்றைக்குத்தான் தொழிலுக்கு உதவியது. படகு சாய்ந்தது, எஞ்சின் நின்றது. எழுந்து நடுவில் வந்து சாவியைத் திருப்பினோம், ஓடியது. இடது பக்கம் உட்கார்ந்தோம், ஓடிக்கொண்டே இருந்தது. பேட்டரி மூடியைத் திறந்து வைத்து மறுபடி செய்தோம்; பெட்டி வழுக்கி வயரை நசுக்குவதை அவர் கண்ணால் பார்த்தார். ஐந்து தடவையோ ஆறு தடவையோ செய்யச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் எஞ்சின் நிற்கும்போது அவர் முகத்தில் ஒரு பாரம் இறங்கியது. கடைசியில் பெட்டியைப் பார்த்துக்கொண்டே அழ ஆரம்பித்தார். கடலில் அழவில்லை அவர், இங்கேதான் அழுதார். சேகர் வழக்கம்போல அவசரப்படுத்தாமல் காத்திருந்தான்.

அப்புறம் போனை எடுத்து என்னிடம் நீட்டினார். “சித்தப்பாகிட்ட நான் சொன்னா எடுபடாது. நீங்களே சொல்லுங்க. என்கிட்ட சொன்ன மாதிரியே சொல்லுங்க.”

இதுதான் கஷ்டமான இடம். அந்தப் பெரியவருக்குக் கிள்ளானில் தெரியாத ஆள் கிடையாது. அவர் வாயில் விழுந்தால் கோயில், கல்யாண வீடு எங்கும் என் பேர் ஓடும். சேகர் என்னைப் பார்த்தான், வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினான். நான் பேசினேன். பேசி முடித்ததும் அவர், “அங்கேயே இருங்க” என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

முக்கால் மணி நேரத்தில் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுப் படகில் ஏறினார், மல்லிகாவைப் பார்க்கவில்லை. வலது பக்கம் எங்களோடு உட்கார்ந்தார். நின்றது.

“மறுபடி” என்றார்.

நின்றது. இடது பக்கம் போய் உட்கார்ந்தார், ஓடியது. குனிந்து மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு அந்த வயரை விரலால் தொட்டுப் பார்த்தார். உடைந்த கொக்கியைக் கேட்டு வாங்கிக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதான் நீங்க நாளைக்குப் போடலாம்னு விட்டதா?”

“ஆமாண்ணே.”

“நல்ல வேலை பார்த்தீங்க போங்க!” என்றார். அவர் திட்டியிருந்தாலும் நான் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். கொக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கடலைப் பார்த்தார். அவர் கையால் பிடுங்கிய பானை அங்கேதான் எங்கேயோ கிடக்கிறது. அதைத் திருப்பி எடுத்து அந்தப் பெண்ணின் கையில் கொடுக்க அவராலும் முடியாது, என்னாலும் முடியாது.

எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு ஜெட்டியில் கால் வைத்தவர் அப்படியே நின்று, திரும்பாமலேயே பேசினார்.

“மல்லிகா, பதினாறு அன்னிக்கு விடியக்காலைல அஞ்சு மணிக்கே வந்துடு. தலைக்குக் குளிச்சிட்டு வா. ஐயர் வந்தப்புறம் உன்னைத் தேடிக்கிட்டு இருக்க முடியாது.”

“சரி சித்தப்பா” என்றார் மல்லிகா. மறுபடி ஒரு தடவை சத்தமாகச் சொன்னார்.

பெரியவர் ரெண்டு எட்டு வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். “பிண்டம் கரைக்க இதே போட்லதான் வரோம். அவதான் குனியப் போறா.”

அவர் ஜெட்டிப் படி ஏறி முடிப்பதற்குள் நான் புதுக் கொக்கியை மாட்டிவிட்டேன்.